எழுப்பிப் போட்டுச் சொல்லு

கப்பலில் இருபத்துநாலு மணித்தியாலத்தை மூன்று அதிகாரிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள்; அந்தக் காவல்முறைக்கு வோட்ச் என்று பெயர். எட்டிலிருந்து பன்னிரண்டு தேர்ட் மேற்றுக்கு. நாலிலிருந்து எட்டு சீஃப் மேற்றுக்கு. பன்னிரண்டிலிருந்து நாலு செக்கன்ட் மேற்றுக்கு. பகலில் எந்த நேரமோ இரவிலும் அதே நேரம். நான் செக்கன்ட் மேற்றாக இருந்த காலம் முழுக்க, சனம் சாப்பிட்டுச் சாயும் மத்தியானமும் ஊரடங்கும் நடுச்சாமமும் எனக்கு வேலைநேரம். யாழ்ப்பாணத் தீவகத்தில் என் ஊரான புளியங்கூடலுக்குக் கடிதம் எழுதும்போது இதை எவ்வளவு விளக்கினாலும் அம்மாவுக்கு ஒன்றுதான் விளங்கும்: பிள்ளைக்கு ராத்திரியில் நித்திரை இல்லை. "ஏன், அந்தக் கப்டன் முழிச்சிருக்கட்டுமன்" என்று பதில் எழுதுவா.

கப்டன் முழித்திருக்க மாட்டார். பெரிய கப்பல்களில் அவருக்கு வோட்ச் கிடையாது. படுக்கப் போகுமுன் இரவுக் கட்டளைப் புத்தகத்தில் நாலைந்து வரி எழுதி வைப்பார். இன்ன வெளிச்சவீடு இன்ன நேரத்துக்குத் தெரியவேண்டும், தெரியாவிட்டால் கூப்பிடு. வேறு கப்பல் இத்தனை மைலுக்குள் வந்தால் கூப்பிடு. புகார் மூடினால் கூப்பிடு. கடைசி வரி எல்லாக் கப்டன்மாருக்கும் ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் கூப்பிடு. அதற்குக் கீழே வோட்சுக்கு வருகிற ஒவ்வொருவரும் வாசித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். வாழ்நாளில் நான் அதிகம் கையெழுத்து வைத்த வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

பதினொன்றே முக்காலுக்கே மேலே போய்விட வேண்டும். வெளிச்சமான படிக்கட்டிலிருந்து, கப்பலைச் செலுத்தும் பிறிட்ஜுக்குள் கால் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கடலும் வானமும் ஒரே கறுப்பு. வரைபட மேசையில் மட்டும் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம். கண் இருட்டுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் செல்லும். அதுவரை வோட்சை வாங்கக் கூடாது. அந்த நேரத்துக்குள் கட்டளைப் புத்தகம் வாசித்து, வரைபடத்தில் கப்பல் நிற்கும் இடத்தைப் பார்த்து, திசைகாட்டியின் பிழையைக் கேட்டு, றேடாரில் தெரிகிற புள்ளிகளை வெளியே தெரிகிற வெளிச்சங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பேன். மெல்ல மெல்லக் கப்பலின் முன்பக்கம் தெரியவரும். பிறகு கடலுக்கும் வானத்துக்கும் நடுவிலுள்ள கோடு. மூலையில் இருந்தது இருட்டில்லை, லுக்அவுட் நிற்கிற ஆள் என்று தெரியவரும்.

தேர்ட் மேற் தன் கணக்கைச் சொல்லுவான். "வலப்பக்கம் ஒண்டு, எட்டு மைல், எங்களுக்குப் பின்னாலை போகும். இடப்பக்கம் ரெண்டு, எங்களோடை சேர்ந்து வருகுது." நான் பார்த்துவிட்டு, "எடுத்துக்கொண்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லும்வரை கப்பல் அவன் பொறுப்பு. கப்பலைத் திருப்பிக்கொண்டிருக்கும் நடுவில் கைமாற்றக் கூடாது, திருப்பி முடியவேண்டும். வாங்க வருகிறவன் குடித்திருந்தால், சுகமில்லாதிருந்தால், அரை நித்திரையில் நின்றால் கொடுக்கவே கூடாது. கப்டனைக் கூப்பிட வேண்டும். கப்டனே வந்து தோளுக்குத் தோள் நின்றாலும், "நான் எடுக்கிறேன்" என்று அவர் சொல்லாதவரை கப்பல் வோட்சில் நிற்பவன் கையில்தான். இவ்வளவும் 1978 இல் எழுதி, பிறகு 1995 இலும் 2010 இல் மணிலாவிலும் திருத்திய சர்வதேச உடன்படிக்கையில் உள்ளவை. ஆனால் இவற்றில் முக்கியமான ஒன்றை, கப்பல் ஏறுவதற்கு வெகுகாலம் முன்னரே, ஒரு திண்ணையில் இருந்து கேட்டிருந்தேன்.

அம்மாவின் தகப்பன், எங்கள் அப்பு, தண்டையலாக, அதாவது பாய்க்கப்பலின் தலைவராக, இருந்தவர். ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பலில் நாகபட்டினத்துக்கும் கொழும்புக்கும் போய்வந்தவர். எனக்கு நினைவு தெரிந்தபோது கடலை விட்டுவிட்டார். கடல்தான் அவரை விடவில்லை. திண்ணையில் படுத்திருந்தபடியே, கண்ணைத் திறக்காமல், "சோழகம் விழுந்திட்டுது" என்பார். கச்சான் எப்போது, வாடை எப்போது, கொண்டல் எத்தனை நாளைக்கு என்று புகையிலைத் தோட்டக்காரர் அவரிடம் வந்து கேட்டுப் போவார்கள். வல்வெட்டித்துறை 'அன்னபூரணி' கப்பலின் கதை அவருக்குப் பிடித்தமானது. கொஞ்சம் பொறாமையும் உண்டு. அங்கே கட்டிய அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சீ. றொபின்சன்' என்று பெயர் மாற்ற, வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதை 1938 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். "அவங்கள் அமெரிக்கா பாத்தவங்கள். நாங்கள் நாகபட்டினத்தோடை நிண்டிட்டம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தண்டையல் நித்திரை கொள்ளும் நேரத்தில் சுக்கானில் ஒருவர், முன்பக்கத்து அணியத்தில் ஒருவர் நிற்பார்கள். அணியத்தில் நிற்பது பெரும்பாலும் பெடியன்தான். ஒருமுறை புதுப் பெடியன் ஒருவன் தூர நின்றே, "தண்டையல், காத்து மாறுது" என்றானாம். அப்பு நித்திரையிலேயே "ம்" கொட்டினாராம். பெடியன் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியில் போய் நின்றுவிட்டான். பாய் ஒருபக்கம் அடித்துக் கப்பல் சரிந்தபோதுதான் அப்பு எழும்பினார். விடிந்தபிறகு அவனுக்குச் சொன்னதை எங்களுக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்: "நான் 'ம்' எண்டாப் போதாது. நான் எழும்பி இருந்து, உன்ரை பேரைச் சொன்னாப் பிறகுதான் நீ போகலாம். எழுப்பிப் போட்டுச் சொல்லு."

ஆச்சியின் சட்டம் இதற்கு நேரெதிர். படுத்திருக்கிற ஆளை எழுப்புவது பாவம். அப்பு மத்தியானம் சரிந்தால் வீடே ஊமையாகிவிடும். வாளி சத்தம் போடக் கூடாது, படலை கிரீச்சிடக் கூடாது. பார்க்க வந்த மனிதர், "பரவாயில்லை, எழுப்பாதைங்கோ, நான் இந்தன் பிள்ளையார் கோயிலடிக்குப் போட்டு வாறன்" என்று திரும்பிவிடுவார். தீவகத்தில் மட்டும் இல்லை, எங்கள் சனம் வாழும் எங்கும் பிள்ளைகளை இப்படித்தான் வளர்க்கிறோம். பெரியவரின் நித்திரையைக் கலைப்பது மரியாதையீனம். இந்த வளர்ப்போடு ஒரு பிள்ளை கப்பலேறி, இரவு இரண்டு மணிக்கு, தன்னைவிட இருபது வயது மூத்த, தன் பதவியுயர்வு அறிக்கையை எழுதப்போகிற ஒருவரை ரெலிபோன் அடித்து எழுப்பவேண்டும். வோட்ச் நிற்பதில் கடினமான வேலை எது என்று கேட்பவர்களுக்கு நான் புயலையும் சொல்வதில்லை, நித்திரைமுழிப்பையும் சொல்வதில்லை. இதைத்தான் சொல்வேன்.

சிங்கப்பூரிலிருந்து சூயெஸுக்குப் போகும் கப்பல்கள் இலங்கையின் தெற்கைச் சுற்றித்தான் போகும். பாக்கு நீரிணை எங்கள் வள்ளங்களுக்குத்தான் கடல். இராமர் பாலத்தின் பக்கம் சில இடங்களில் ஓராள் ஆழம்தான் தண்ணீர். நிறைபாரம் ஏற்றிய கப்பல் பத்துப் பன்னிரண்டு மீற்றர் கீழே இறங்கி நிற்கும். ஆழப்படுத்துகிறோம் என்று 2005 யூலையில் மதுரையில் விழா வைத்துத் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் இடையில் நின்றுபோனது. ஆகவே கடலோரத்தில் பிறந்த நான் எத்தனை முறை இலங்கையைக் கடந்தாலும், பிறந்த ஊர் இருக்கும் வடக்கு என் வரைபடத்தின் மேல்விளிம்புக்கு அப்பால்தான் இருந்தது. எனக்குக் கிடைத்தது இராவணன் கோட்டை என்று பெயர்பெற்ற பாறைகளின் மேலே நிற்கும் இரண்டு வெளிச்சவீடுகள், 1873 இல் ஏற்றிய பெரியதும் 1878 இல் ஏற்றிய சின்னதும். அதற்கப்பால் 49 மீற்றர் உயரத் தெவிநுவர வெளிச்சவீடு. மூன்றும் தெற்கே. சின்ன வயதில் நான் பார்த்து வளர்ந்ததோ காரைநகர்க் கோவளத்தின் வெளிச்சம்.

தெவிநுவரவுக்குத் தெற்கே கப்பல்களுக்குப் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறுக்கே பலநாள் மீன்பிடிக் கலங்கள் வலை விட்டுக் கிடக்கும். ஒருநாள் என் வோட்சில், இரண்டரை மணியளவில், முன்னால் ஒரு வெளிச்சக் கூட்டம். றேடாரில் சிலது தெரிந்தது, சிலது தெரியவில்லை. மரத்திலும் நாரிழையிலும் செய்த கலங்களை றேடார் நம்பிக்கையாகக் காட்டாது. வலப்பக்கத்தில் ஒரு பெரிய கப்பல் வேறு குறுக்கே வந்துகொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கும், ஒன்றைவிட ஒன்று உயரமாக இரண்டு வெள்ளை விளக்குகளும் தெரிந்தன.

வெளியே போய்த் திசைகாட்டியின் மேலுள்ள வளையத்தைத் திருப்பி அந்தக் கப்பலின் திசையை எடுத்தேன். மூன்று நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்தேன். அதே பாகை. இன்னும் மூன்று நிமிடம். அதே பாகை. கடல் வீதிவிதிகளின் சாரம் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கும்: தூரம் குறையக் குறையத் திசை மாறாமல் நின்றால் இரண்டும் ஒரே புள்ளிக்குப் போகின்றன. மற்றவன் உன் வலப்பக்கத்தில் என்றால் விலக வேண்டியவன் நீ. 1972 விதிகளின்படி நேரத்தோடு, நன்றாகத் தெரியும்படி, பெரிதாக விலகவேண்டும். விலகுவதற்கு நல்ல பக்கம் வலதுதான். அந்த வலதில்தான் மீன்பிடிக் கலங்கள்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. சரியான வழி என்றும் நினைத்தேன். ஆனாலும் ரெலிபோனை எடுத்தேன். கப்டன் ஒரு மலையாளி. வீண்பேச்சு விரும்பாத மனிதர். இரண்டாவது மணியில் எடுத்தார். "கப்டன், செக்கன்ட் மேற். நீங்கள் மேலே வரவேணும்" என்றேன். காரணம் கேட்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் சாரமும் சேர்ட்டுமாக வந்து நின்றார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். "செய்" என்றார். வேகத்தைக் குறைத்தேன், பெரிய கப்பல் முன்னால் கடந்து போனது, பிறகு மீன்பிடிக் கலங்களுக்கு வெளியால் சுற்றினேன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் பிளாஸ்கிலிருந்து ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்தார். போகும்போது, "நாளைக்கும் இதே நேரம் இப்படி வந்தால் நாளைக்கும் எழுப்பு" என்றார். எனக்கு அவர் தந்த நற்சான்றுப் பத்திரங்களில் பெரியது அதுதான்.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைக்கிற ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் ஹேர்பேர்ட் ஸ்ரோன். 'கலிபோர்னியன்' என்ற கப்பலின் செக்கன்ட் ஒஃபிசர். என்னுடைய அதே நடுச்சாம வோட்ச். 1912 ஏப்ரல் 14 இரவு, முன்னால் பனிப்பாறைக் கூட்டம் என்பதால் கப்டன் ஸ்ரான்லி லோட் கப்பலை நிறுத்திவிட்டு, உடுத்த உடுப்போடு வரைபட அறையில் சாய்ந்துகொண்டார். வயர்லெஸ் இயக்குபவர் சிறில் எவன்ஸ், அந்தக் கப்பலில் அந்த வேலைக்கிருந்த ஒரே ஆள், பதினொன்றரை அளவில் படுக்கப் போய்விட்டார். நள்ளிரவில் ஸ்ரோன் வோட்ச் வாங்கினார். தூரத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. ஒரு மணிக்குச் சற்று முன்பிருந்து அதன் மேலே வெள்ளை வாணங்கள். ஒன்று, பிறகு இன்னொன்று. மொத்தம் எட்டு.

ஸ்ரோன் சும்மா இருக்கவில்லை. பேச்சுக்குழாயால் கீழே கப்டனுக்குச் சொன்னார். விளக்கால் சைகை கொடுத்துப் பார் என்று பதில் வந்தது. கொடுத்தார், மறுமொழி இல்லை. இரண்டு மணிக்குப் பயிலுநர் ஜேம்ஸ் கிப்சனை நேரே அனுப்பினார். கிப்சன் சொன்னான், கப்டன் ஏதோ கேட்டார். இரண்டே முக்காலுக்குச் சற்று முன் ஸ்ரோன் திரும்பவும் குழாயில் சொன்னார். பின்னர் நடந்த விசாரணையில் கப்டன் லோட், வாணம் ஒன்றைப் பற்றிக் கேட்டதுதான் நினைவு, மற்றவை நித்திரைக் கலக்கத்தில் மனதில் நிற்கவில்லை என்ற மாதிரித்தான் சாட்சி சொன்னார். அந்த வாணங்களை விட்ட 'டைட்டானிக்' 2.20 இற்கு மூழ்கியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். நாலு மணிக்கு வோட்ச் வாங்க வந்த சீஃப் ஒஃபிசர் ஸ்ருவேட்தான் முதலில் கப்டனைச் சரியாக எழுப்பி, ஐந்தரை அளவில் எவன்ஸையும் எழுப்பினார். எவன்ஸ் எழும்பிக் கருவியைக் காதில் வைத்த சில நிமிடங்களில் எல்லாம் தெரிந்துவிட்டது.

இரண்டு கப்பல்களுக்கும் இடையில் எத்தனை மைல் என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். பிரித்தானியாவில் மேர்சி பிரபு நடத்திய விசாரணை கலிபோர்னியனைக் குற்றம் சொன்னது. கப்டனுக்காக வாதாடியவர்கள் பரம்பரை பரம்பரையாக இருக்கிறார்கள். நான் ஒரு வோட்ச்காரன். எனக்கு மைல் முக்கியமில்லை. ஸ்ரோன் மூன்றுமுறை சொன்னார், ஒருமுறையும் எழுப்பவில்லை. குழாய்க்குள்ளால் வந்த "ம்"மை வாங்கிக்கொண்டு திரும்பவும் கடலைப் பார்த்தார். எவன்ஸின் அறைக் கதவு சில பாகம் தூரத்தில்தான் இருந்தது. அவன் பாவம், பகல் முழுக்க வேலை செய்தவன், படுக்கட்டும் என்று யாரோ நினைத்திருப்பார்கள். அங்கேயும் ஒரு ஆச்சி இருந்திருக்கிறா. அந்த இரவுக்குப் பிறகுதான் 1914 இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கென்று முதல் சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது, வயர்லெஸுக்கு இருபத்துநாலு மணித்தியாலமும் காது கொடுக்கவேண்டும் என்ற விதி வந்தது.

கப்பல் கெட்டுப்போனால் கணக்குத் தீர்க்கும் சட்டம் எங்கள் பக்கத்தில் அதைவிடப் பழையது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு; 12ஆம் நூற்றாண்டு. ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, சேதமான கப்பல்களுக்குப் பங்கு பிரிக்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் கெட்டால் பண்டாரத்துக்கு நாலில் ஒன்று, உடையவனுக்கு நாலில் மூன்று. மற்றச் சரக்குக் கப்பல் கெட்டால் ஆளுக்குப் பாதி. இதை அப்புவுக்கு ஒருமுறை சொன்னபோது, "கெட்டாப் பிறகு கணக்குப் பாக்க ஆர் வேணுமெண்டாலும் வருவினம்" என்றார்.

கருவி நிறைந்த காலத்திலும் இதே கதைதான். 1995 யூன் 10. 'றோயல் மஜெஸ்ரி' என்ற உல்லாசக் கப்பல், பெர்முடாவிலிருந்து பொஸ்ரனுக்கு. ஜீ.பி.எஸ். அன்ரெனாவின் கம்பி கழன்றுபோய்விட்டது. கருவி ஊகக் கணக்கில் ஓடத் தொடங்கியதை முப்பத்துநாலு மணித்தியாலமாக எவரும் கவனிக்கவில்லை. கப்பல் 17 மைல் விலகிப்போயிருந்தது. எட்டு–பன்னிரண்டு வோட்சில் நின்ற அதிகாரியிடம், வரவேண்டிய மிதவை வந்ததா என்று கப்டன் கேட்டார். அவர் கண்ணால் காணவில்லை; கருவி கடந்துவிட்டோம் என்று காட்டியது; கண்டேன் என்று சொல்லிவிட்டார். "காணவில்லை, நீங்கள் வந்து பாருங்கள்" என்ற வசனம் வாயில் வரவில்லை. இரவு பத்தரைக்குச் சற்று முன் நன்ருக்கெற் தீவுக்கருகில் மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பது அதிர்ஷ்டம்.

எழுப்புவது கடலுக்கு மட்டும் உரிய வேலையும் இல்லை. 1990 ஆகஸ்டில் இலங்கை இராணுவம் தீவகத்துக்குள் இறங்கியபோது நான் கப்பலில் இருந்தேன். அடுத்த துறைமுகத்தில் கடிதம் வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் எப்படித் தப்பினார்கள் என்று பிறகு கேட்டபோது சின்னம்மா சொன்னது இதுதான்: பக்கத்து வளவு மனிசி ஒருத்தி விடியப்புறம் வேலிக்கு மேலால் கூப்பிட்டுப் பார்த்து, சத்தம் வராததால், வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்து ஒவ்வொருவராகத் தோளில் தட்டி எழும்பப் பண்ணிவிட்டுத்தான் போனாளாம். இப்போது அந்த மனிசியின் குடும்பம் பாரிஸில். எங்கள் ஊரின் பாதிப் பேர் அங்கேயும் கனடாவிலும்தான்.

வோட்ச் நிற்பவனையே எழுப்ப ஒரு கருவி 2011 யூலையிலிருந்து கட்டிய கப்பல்களில் தொடக்கத்திலேயே பூட்டிவரும். மூன்று முதல் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது ஒரு வெளிச்சம் காட்டும். அதிகாரி பொத்தானை அழுத்தவோ கையை அசைக்கவோ வேண்டும். செய்யாவிட்டால் பதினைந்து செக்கனில் பிறிட்ஜில் மணி அடிக்கும். அதற்கும் அசைவில்லையென்றால் இன்னும் பதினைந்து செக்கனில் கப்டனின் அறையில் அடிக்கும். இருபத்துநாலு மணித்தியாலத்தில் குறைந்தது பத்து மணித்தியாலம் ஓய்வு, கிழமைக்கு எழுபத்தேழு என்றும் விதி உண்டு. துறைமுகத்தில் சரக்கு வேலை, அடுத்த நாளே கடல் வோட்ச் என்று ஓடும் கப்பல்களில் அந்த ஓய்வு சிலவேளை தாளில் மட்டும்தான் இருக்கும் என்பதும் கடலோடிகளுக்குத் தெரியும். கருவி நித்திரையைத்தான் கண்டுபிடிக்கும். முழித்திருந்து கூச்சப்படுகிறவனைக் கண்டுபிடிக்கும் கருவி இன்னும் வரவில்லை.

இப்போது தீவகத்துப் பிள்ளைகள் சிலர் கடேற் படிப்புக்குப் போகமுன் என்னிடம் வருகிறார்கள். கணிதம் எவ்வளவு வேண்டும், சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு இதையும் சொல்வேன். கூப்பிடலாமோ என்ற யோசனை வந்துவிட்டதென்றால் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ரெலிபோனில் பதில் வந்தால் மட்டும் போதாது; அவர் மேலே வந்து நின்றாரா என்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் வரவில்லையென்றால் திரும்ப அடியுங்கள், ஆளை அனுப்பிக் கதவைத் தட்டுங்கள். வந்தபிறகும், "நான் எடுக்கிறேன்" என்று அவர் சொல்லும்வரை கப்பல் உங்கள் கையில்தான் என்பதை மறக்காதீர்கள். கப்பலேறிய முதல்நாளே கப்டனிடம் கேட்டுவிடுங்கள்: இரவில் எப்படி எழுப்பினால் உங்களுக்கு நித்திரை கலையும், ரெலிபோனா, கதவா? கேட்க வெட்கப்படத் தேவையில்லை. அதுவும் வோட்ச் நிற்பவனின் கடமைதான்.